போலார் எச்10 மார்புப் பட்டை: இதய நோயாளிகளுக்கு உதவுமா?

ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் நடைப்பயிற்சியில் துடிப்பைக் கவனிக்க எதை வாங்கலாம் என்றால், பின்லாந்துத் தயாரிப்பான எச்10-ஐத்தான் முதலில் சொல்வோம். கைக்கடிகாரங்கள் தோலடி ரத்த ஓட்டத்தை ஒளியால் அளக்கின்றன. டிரெட்மில் கம்பியை இறுகப் பிடித்தாலே தடுமாறும். சில நேரம் காலடி வேகத்தையே துடிப்பாகக் காட்டிவிடும். இந்தப் பட்டையோ இதயத்தின் மின்துடிப்பை இ.சி.ஜி. போல மார்பிலிருந்தே எடுக்கிறது.

உட்புற மின்முனைகளைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே இறுக்கமாகக் கட்ட வேண்டும். காய்ந்த பட்டையோடு கிளம்பினால் வியர்க்கும்வரை எண் தாறுமாறாக ஓடும். பைபாஸ் காயம் முழுதாக ஆறும்முன் கட்டவே வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கட்டலாம்.

எங்கள் பெரிய குறை, பட்டையோடு இணையும் போலாரின் கைபேசிச் செயலியின் மீதுதான். அது 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணிக்கிறது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது; 60 வயதுக்காரருக்கு 160 என்று காட்டும், அவர் இதயம் 130-ஐத் தாண்டாமலே போகலாம். வழக்கமான மாத்திரையோடு எடுத்த டிரெட்மில் டெஸ்டின் உச்ச எண்ணைச் செயலியில் மாற்றி எழுதுங்கள். ஓய்வில் 60, டெஸ்டில் 130 என்றால் இடைவெளி 70. அதில் 40 முதல் 70 சதவீதத்தை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 88 முதல் 109 வரை வரும்; நடக்கும்போது துடிப்பு இதற்குள் இருக்கட்டும். டெஸ்டில் 112-இலேயே இதயத்துக்கு ரத்தம் போதாத அறிகுறி இ.சி.ஜி.யில் தெரிந்திருந்தால், அதற்குப் பத்து குறைத்து 102-தான் எல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி தெரியாமலே இது நேரலாம் என்பதால், அவர்களுக்கு இந்த எல்லை மிக முக்கியம்.

அடைப்பையோ ரத்த அழுத்தத்தையோ பட்டை காட்டாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) உள்ளவர்களுக்கு எண் குதித்துக்கொண்டே இருக்கும். மூச்சுவாங்காமல் பேச முடிகிறதா என்பதே அவர்களுக்கு நல்ல அளவுகோல். நெஞ்சை அழுத்தினால், தலை சுற்றினால், எண் எதுவானாலும் நின்றுவிடுங்கள். மற்றபடி சட்டென்று நிற்காமல் பத்து நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள். திடீரென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி அழுத்தம் இறங்கும்.

முடிந்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலசிக் காயவையுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியே வைத்தால் சென்சார் அணையாமல் சிஆர்2025 பேட்டரி சீக்கிரம் தீரும்.