தலையில் குழாயா, இடுப்பில் குழாயா? மூளைநீர் வடிகுழாயில் தொற்று எங்கே நுழைகிறது

தாராபுரம், சத்தியமங்கலம் பக்கமிருந்து கோவைக்குக் கொண்டுவரப்படும் நோயாளிக்கு மூளைநீரை, அதாவது மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை, குழாய் வைத்து வெளியே வடிக்க வேண்டும் என்றதும் வீட்டார் கேட்பது இதுதான்: "தலையில ஓட்டை போட்டே ஆகோணுங்களா? இடுப்புலயே எடுத்துறக் கூடாதுங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் முதல் தீர்ப்பு தொற்றைப் பார்த்து வருவதில்லை. நீரோடும் பாதை அடைபட்டிருந்தால், சிறுமூளைப் பக்கம் கட்டி இருந்தால், இடுப்பில் வடிப்பது மூளையைக் கீழே இழுத்து மூளைத்தண்டை நசுக்கிவிடும். அங்கே தலைவழிக் குழாய், அதாவது இ.வி.டி.தான். பாதை திறந்திருந்து இரண்டுக்கும் இடமிருந்தால் மட்டுமே தொற்றை ஒப்பிடலாம்.

இ.வி.டி.யில் தொற்று நூற்றுக்கு 5 முதல் 20 பேர் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. லம்பார் ட்ரெயினில், அதாவது இடுப்புக்குழாயில், பொதுவாக அதைவிடக் குறைவு. இதை வைத்து இடுப்புக்குழாயே சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது. இ.வி.டி. வைக்கப்படும் நோயாளிகள் பெரும்பாலும் மூளை அறைக்குள் ரத்தம் கசிந்து, வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பவர்கள்; அவர்களுக்குத் தொற்று எளிதில் வரும்.

பராமரிப்பில் இடுப்புக்குழாய்தான் சிரமம். தலைக்குழாயை உச்சந்தலைத் தோலுக்கடியில் 5 செ.மீ.க்கு மேல் ஓட்டி, தள்ளி வெளியே எடுத்துத் தைக்கிறார்கள்; தோல் கிருமி அத்தனை தூரம் ஊர்ந்துதான் உள்ளே போக வேண்டும். இடுப்பில் குழாய் மெல்லியது. நோயாளி விழித்திருப்பார், புரளுவார், எழுந்து உட்காருவார். சித்திரை வெயிலில் முதுகு வியர்த்து ஒட்டு கிளம்பும்; மலம் படும் இடமும் பக்கத்திலேயே. குழாய் ஒரு விரல்கடை வெளியே வந்தாலே ஓரத்தில் நீர் கசியும். கசிவு என்பது கிருமிக்குப் போட்ட திரி. மேலே மேலே பஞ்சு வைத்துக் கட்டுவது பயன் தராது, தையல் போட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான பெரிய வாசல், குழாய் இணைப்பைத் திறப்பது. காய்ச்சலோ நினைவு மங்கலோ இல்லாமல் தினமும் மூளைநீர் சாம்பிள் எடுப்பதை விட்டுவிடலாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் முகக்கவசம், ஸ்டெரைல் கையுறை போட்டு, போர்ட்டை (சாம்பிள் எடுக்கும் வாயை) நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு எடுக்க வேண்டும். நோயாளியை நகர்த்தும்போது கிளாம்ப் போட்டுக் குழாயை மூடி, சேர்ந்த இடத்தில் வடிகுழாயின் மட்டத்தை (தலைக்குழாயில் காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேட்டுக்கு) சரிபார்த்துத் திறக்கலாம். நீர் சொட்டி விழும் சேம்பரைப் படுக்கையில் சாய்த்துப் போட்டால் காற்று வடிகட்டி நனைந்து அடைக்கும். வடிவது நிற்கும், யாரோ இணைப்பைக் கழற்றுவார்கள், தொற்று அங்கே தொடங்கும். பை முக்கால் நிறையும்போதுதான் மாற்ற வேண்டும்.

5 நாளுக்கு ஒருமுறை குழாயையே மாற்றும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. 2017இல் வந்த அமெரிக்கத் தொற்றுநோய் வல்லுநர் வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. ஒவ்வொரு புதுக் குழாயும் புதுக் காயம். தேவை முடிந்த அன்றே எடுத்துவிடுவதுதான் முக்கியம். குழாய் இருக்கும்வரை தினமும் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற அடங்காத கிருமிகளைத்தான் வளர்க்கும்.

மருந்தூட்டிய குழாய்க்குக் கூடுதல் பணம் தரலாமா? ரிஃபாம்பிசின், கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் சேர்ந்த குழாயை நிரந்தர ஷன்ட்டில் சோதித்த பிரிட்டன், அயர்லாந்து ஆய்வில் (2019) தொற்று நூற்றுக்கு 6இலிருந்து 2 ஆகக் குறைந்தது. வெள்ளி பூசியதில் அந்தப் பலன் இல்லை. ஆனால் ஷன்ட் உடலுக்குள் புதைக்கும் குழாய், வெளியே தொங்குவதல்ல. இந்த மருந்துகள் தோல் கிருமிக்குத்தான் எமன், அசினெட்டோபாக்டரைத் தொடாது. ஆகவே பல நாள் வைக்க வேண்டியிருக்கும் இ.வி.டி.க்கு வாங்கலாம், கைகழுவாத வார்டில் அது காப்பாற்றாது.

தொற்று சந்தேகம் வந்தால் கல்ச்சரை (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனையை) 2 நாளில் மூடிவிடக் கூடாது. தோலில் வாழும் க்யூட்டிபாக்டீரியம் என்ற கிருமி மெதுவாக வளரும். 10 நாளாவது வைத்துப் பார்க்கும்படி லேபிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.