பழைய பென்ஸா, பழைய பீஎம்மா? சுங்கை சிப்புட் பட்டறையில் போட்ட கணக்கு

புது மைவி வாங்க ஏறக்குறைய ஐம்பதாயிரம் வெள்ளி வேண்டும். அதில் பாதிகூட வேண்டாம், ஒரு காலத்தில் பெரிய கிராணிகூட வேலியோரம் நின்று பெருமூச்சு விட்ட பென்ஸ் ஒன்று கைக்கு வந்துவிடும். சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்காத இளைஞர்கள் குறைவு. வாங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

எந்தக் காடியை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் எல்லாரும் சொல்வது, "பென்ஸ் தாங்கும், பீஎம் படுத்தும்" என்ற ஒரே வரிதான். முழுக்கத் தவறில்லை. ஆனால் காரணம் சரியாகச் சொல்லப்படுவதில்லை. ஐரோப்பாவில் மெக்கானிக் கூலி அதிகம். டேஷ்போர்டைக் கழற்றும் வேலை வந்தால் அங்கே பலர் காடியையே கழிவுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் ஊரில் கதை தலைகீழ். கூலி மலிவு, சாமான்தான் விலை அதிகம். யூரோவில் விலை போட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு நாம் வெள்ளியில் காசு எண்ணிக் கொடுக்கிறோம். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் காடி கெட்டுப்போனால் உழைப்பைக் கேட்குமா, சாமானைக் கேட்குமா? அப்புறம், கெடுவதற்கு முன்னால் சொல்லுமா, சொல்லாமல் கொள்ளாமல் கெடுமா?

இந்த இரண்டு கேள்வியையும் வைத்து, நம் பக்கம் அதிகம் விற்பனைக்கு வரும் இரண்டு காடிகளைப் பார்ப்போம். ஒன்று 1984 முதல் 1995 வரை வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124. மற்றது 1995 முதல் 2003 வரை வந்த பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், இ39.

டபிள்யூ124-இல் மலேசியாக்காரர்கள் முதலில் கண்ணீர் விடுவது ஏர்கோனுக்கு. எவாப்பரேட்டர் என்ற குளிர்விக்கும் பாகம் டேஷ்போர்டின் அடிவயிற்றில் இருக்கிறது. அது ஓட்டையானால் ஸ்டியரிங், மரப்பலகை, மீட்டர், காற்றுக்குழாய் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய காடியைப் பார்த்தால் திரும்ப ஒன்றுசேருமா என்று வயிறு கலங்கும். ஆனால் சாமான் என்னவோ ஒன்றுதான். மீதியெல்லாம் கைவேலை. பொறுமையான ஒரு போர்மேன், ஆணிகளை டப்பா டப்பாவாகப் பிரித்து வைக்கத் தெரிந்த ஒரு பையன், இரண்டு மூன்று நாள். எங்கள் ஊர்க் கூலிக்கு இது தாங்கக்கூடிய செலவு.

இரண்டாவது, வயர். 1992-க்குப் பிறகு வந்த இன்ஜின்களில், அதாவது இ200, இ220, இ280, இ320 என்று பெயர் போட்ட காடிகளில், இன்ஜின் வயர்களின் மேலுறை காலப்போக்கில் சூட்டில் காய்ந்து உதிரும் வகையைச் சேர்ந்தது. இன்ஜெக்டருக்குப் போகும் வயரை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். நல்ல வயர் வளையும். கெட்ட வயரின் தோல் முறுக்குப்போல் நொறுங்கி உள்ளங்கையில் விழும். உள்ளே செம்பு பளபளக்கும். இன்ஜின் தடுமாறும், ஐடில் ஏறி இறங்கும், மழை நாளில் இன்னும் மோசம். ஹார்னஸ் என்ற முழு வயர்க் கட்டைப் புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டுத் தலை சுற்றும். ஆனால் நம் ஊர் வயர்மேன் பழைய சாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு, சூடு தாங்கும் வயரை வாங்கி, ஒவ்வொரு கம்பியாகப் புதிதாக இழுத்துக் கொடுப்பார். மறுபடியும் கைவேலை.

சஸ்பென்ஷனும் அப்படியே. செம்பனை லோரிகள் குழிபறித்த லிந்தாங் சாலையில் தினமும் ஓடும் காடிக்கு பால் ஜாயின்ட், கை புஷ், இன்ஜின் மவுண்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் தட்டு எல்லாம் தேயும். தேயும்போது சத்தம் போடும், ஆடும், ஸ்டியரிங் தளரும். இந்தக் காடியின் நல்ல குணமே அதுதான். டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்குத் தனி மீட்டர் உண்டு. சூடு மீட்டரின் ஊசி உண்மையாக ஏறும், உண்மையாக இறங்கும். என்ன நடக்கிறது என்று மறைக்காத காடி. வாரக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பள நாள் வரை தள்ளிப்போட இடம் கொடுக்கும்.

இ39 அப்படியில்லை. ஓட்டுவதற்கு இதுதான் உயர்ந்த காடி என்று நான் கூசாமல் சொல்வேன். ஆறு சிலிண்டரும் வரிசையாக நிற்கும் அந்த இன்ஜின், ஈப்போவிலிருந்து பழைய சாலையில் வரும்போது மூன்றாவது கியரில் பாடும் பாட்டு பென்ஸில் கிடையாது. பென்ஸ் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து போவது. இ39-இல் சாலை உள்ளங்கையில் தெரியும்.

ஆனால் அதன் எமன் தண்ணீரில் இருக்கிறான். ரேடியேட்டரின் பக்கத் தொட்டி, கூலன்ட் நிற்கும் எக்ஸ்பேன்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் மூடி எல்லாம் பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும்போதே ஒருநாள் தையல் ஓரமாகப் பிளந்துகொள்ளும். பானெட் ஓரம் வெள்ளை ஆவி, இனிப்பான ஒரு வாசனை. அவ்வளவுதான் அறிவிப்பு. இதைவிட மோசம், சூடு மீட்டரின் ஊசி ஒரு பெரிய வெப்ப வரம்புக்குள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. ஓட்டுபவர் பதறக்கூடாது என்ற நல்லெண்ணம். ஊசி நடுவை விட்டு நகர்ந்தது தெரிந்தபோது பல நேரம் காரியம் கைமீறியிருக்கும். அலுமினிய ஹெட் வளைந்தால், அதைப் பிளாக்கோடு பிடிக்கும் போல்ட்டுகளின் மரைகூட சில இன்ஜின்களில் கையோடு வந்துவிடும். அந்த வேலைக்குக் கூலி, மெஷின் ஷாப், கேஸ்கெட் செட் என்று கூட்டினால் காடியின் விலையை எட்டும்.

சின்னச் சின்னப் பிடுங்கல்களும் உண்டு. ஏர்கோன் புளோவரைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் கெட்டால் காற்று தன்னிஷ்டத்துக்கு வீசும். சில நேரம் சாவியை எடுத்த பிறகும் ஓடி பேட்டரியைத் தின்னும். மீட்டர் திரையில் எழுத்துகள் பாதி பாதியாகக் காணாமல் போகும். முன்சக்கரக் கை புஷ் கிழிந்தால் நெடுஞ்சாலையில் பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் வெடவெடவென்று ஆடும். இவை எல்லாமே சாமான் கேட்பவை. கைவேலை கொஞ்சம், பில் பெரிசு.

சரி, பீஎம் வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாங்கிய கையோடு, ஏதும் கெடாமல் இருக்கும்போதே, ரேடியேட்டர், டேங்க், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், ஹோஸ் அனைத்தையும் மொத்தமாக மாற்றக் காசு ஒதுக்கி வைத்திருப்பவர் வாங்கலாம். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்பவர் கிட்டேயே போகக் கூடாது.

இந்த இரண்டுக்கும் வெளியே ஆசை காட்டும் காடிகள் இன்னும் இரண்டு. 2002-இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ211 இப்போது மலிந்து கிடக்கிறது. பார்க்கவும் புதுசு மாதிரி இருக்கும். 2006-இல் முகம் மாறுவதற்கு முன் வந்தவற்றில் எஸ்பிசி என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டு, கடைசியில் மெர்சிடிஸே கைவிட்ட அமைப்பு அது. நீங்கள் பிரேக் அழுத்துவதை அதன் பம்ப் எண்ணிக்கொண்டே வரும். கணக்கு நிறைந்தால் சிவப்பு எச்சரிக்கை, புது பம்ப். பிரேக் பேட் மாற்றுவதற்குமுன் கம்ப்யூட்டர் மாட்டி அதைத் தூங்க வைக்க வேண்டும். தெரியாமல் கை வைத்தால், யாரோ கதவைத் திறந்த மாத்திரத்தில் பிஸ்டன் விரலோடு சேர்த்து இறுக்கிவிடும். மரத்தடிப் பட்டறைக்கு இது ஆகாது.

லெக்சஸ் எல்எஸ்400 நேர் எதிர். 1989-இல் ஜெர்மன்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த காடி. அதன் வி8 இன்ஜினை டொயோட்டா வேறு பெரிய காடிகளிலும் போட்டதால் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் காடிகளிலும், அதாவது ஹாஃப் கட்டிலும், கிடைக்கும். கெடுவதே அபூர்வம். ஆனால் இன்ஜின் 3969 சிசி. ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 6,490.50 வெள்ளி. பேச்சு முடிந்தது.

ரோட் டேக்ஸை யாரும் வாங்கும்போது நினைப்பதில்லை. தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு இது சிசி கணக்கு. காடிக்கு வயதாகிறது என்பதற்காகக் குறையாது. அடிப்படைத் தொகை ஒன்று உண்டு; அதற்கு மேல், 2000 சிசியைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி, 2500-ஐத் தாண்டினால் 2.50, 3000-ஐத் தாண்டினால் 4.50. இதன்படி 1998 சிசி இ200-க்கு 379 வெள்ளி. 2799 சிசி இ280-க்கு 1,627.50. பீஎம்மில் 523i என்றால் 874. 528i என்றால் 1,612.50. "ஆறு சிலிண்டர் பென்ஸ்தான் கம்பீரம்" என்பவர் ஆண்டுதோறும் அந்தக் கம்பீரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இனி சாமான் எங்கே வாங்குவது. ஈப்போவுக்கு அரை மணி நேரத்தில் போய் பெட்டியில் நட்சத்திரம் போட்ட சாமானை வாங்கலாம். அதே ஆலையில் செய்த லெம்ஃபோர்டர், சாக்ஸ், பேர், போஷ் சாமான்களைப் பாதிப்பக்க விலைக்கும் வாங்கலாம். சில லெம்ஃபோர்டர் கைகளைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்ன இடத்தில் மட்டும் இரும்பு தேய்க்கப்பட்டு மின்னும். நட்சத்திரத்தையோ பீஎம் வட்டத்தையோ அழித்த தடம். அதைப் பார்த்தால் எனக்கு ஒரு குஷி. மூன்றாவது வழி ஹாஃப் கட்: ஜப்பான், இங்கிலாந்து மாதிரி வலக்கை ஸ்டியரிங் நாடுகளில் கழித்த காடிகளை இரண்டாக அறுத்து, இன்ஜினோடு முன்பாதியை அனுப்புவார்கள். கிள்ளான் பக்கம் மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். தவுக்கேயிடம் வாட்ஸ்அப்பில் படம் கேட்டால் கூரியரில் வந்துவிடும்.

ஹாஃப் கட் விஷயத்தில் பட்டறை அண்ணன் ஒரு விதி வைத்திருக்கிறார். "தம்பி, இரும்பு வாங்கு, கண்ணாடி வாங்கு, மரம் வாங்கு. ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயரும் மட்டும் வாங்காதே. அதுக்கும் உன் காடி வயசுதான்." இந்த ஒரு விதியே இரண்டு காடிகளையும் பிரித்துவிடுகிறது. பென்ஸுக்குக் கியர்பாக்ஸ், கதவு, ஸ்டியரிங் பாக்ஸ், மரப்பலகை என்று ஹாஃப் கட்டில் பிழைக்கலாம். இ39-இல் அடிக்கடி போவதே பிளாஸ்டிக். அதற்கு ஹாஃப் கட் உதவாது, புதுசுதான்.

செலவையே பேசிக்கொண்டிருந்தால் இதையெல்லாம் எவன் வாங்குவான்? மகிழ்ச்சியும் இருக்கிறது, அதுவும் பட்டறையிலேயே ஆரம்பிக்கிறது. டபிள்யூ124-இன் பானெட்டை வழக்கமாகத் திறந்தபின் இன்னொரு கொக்கியை விடுவித்தால் வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாக நிற்கும். போர்மேன் முதுகை வளைக்காமல் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்யலாம். இதைச் செய்த எவனோ ஒருவன் ரிப்பேர் செய்பவனையும் நினைத்திருக்கிறான். நாலு மணி மழையில் அந்த ஒற்றை வைப்பர் மூலைக்கு மூலை நீண்டு சுருங்கி ஓடுவதைப் பார்க்க பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் மழையை மறந்துவிடுவார்கள். கதவை மூடினால் வரும் "தொப்" சத்தத்துக்காகவே தேவையில்லாமல் திறந்து மூடுபவர்களை எனக்குத் தெரியும். அப்புறம் கல்யாணம். லயத்திலோ தாமானிலோ மாப்பிள்ளை அழைப்பு என்றால் முதலில் தேடுவது பென்ஸைத்தான். பூச்சரம் கட்ட அந்த நட்சத்திரம் வேண்டும். என்ன வேகம் போனாலும் இ39-ஐ யாரும் அதற்குக் கேட்பதில்லை.

புது ரேடியேட்டர் போட்ட இ39-ஐ இரவில் கோலகங்சார் வரை ஓட்டிவிட்டுத் திரும்பும் சுகத்தை அறிந்தவர்கள் இதற்கெல்லாம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

தினமும் வேலைக்கு ஓட்ட வேண்டும், வீட்டில் இன்னொரு காடி இல்லை, டோ டிரக் நம்பர் போனில் தேவைப்படக் கூடாது என்றால் நாலு சிலிண்டர் டபிள்யூ124. 1992-க்கு முந்தைய 200ஈ எடுத்தால் வயர் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதன் கேஈ-ஜெட்ரானிக் பெட்ரோல் அமைப்பைச் சரியாகத் திருகத் தெரிந்த கைகள் அருகிக்கொண்டே வருகின்றன. ஆகவே நான் பிந்தியதைத்தான் எடுப்பேன், வயர் மாற்றியிருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு. மாற்றியிருக்காவிட்டால் அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். பெயர் மாற்ற எப்படியும் புஸ்பகோம் மாதிரி வாகனச் சோதனை நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு முன்னால் நம் போர்மேன் ஒருமுறை அடியில் படுத்துப் பார்க்கட்டும்.

இ200-க்கும் இ220-க்கும் ரோட் டேக்ஸில் சரியாக 200 வெள்ளி வித்தியாசம். இ200 குடும்பத்தோடு ஏர்கோனும் போட்டு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரனுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். அந்த 200 வெள்ளியை நான் கட்டிவிடுவேன்.