மாத்திரையும் பேட்ச்சும் ஒத்துவராதபோது: ஈஸ்ட்ரோஜெல்

மாதவிடாய் நின்றபின் வரும் உடல்சூட்டுக்கும் இரவு வியர்வைக்கும் ஹார்மோன் மாத்திரை நன்றாகக் கேட்கும். ஆனால் அது கல்லீரல் வழியாகப் போவதால், இரத்தம் உறையும் அபாயமோ ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு கூடுதலோ உள்ளவர்களுக்குச் சரிப்படாது. தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் நல்ல மாற்றுதான். என்ன செய்வது, சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் ஓரம் சுருண்டுவிடும். சிலருக்குப் பசையே அரிக்கும்.

இந்த இடத்தில்தான் ஈஸ்ட்ரோஜெல் என்னும், தோலில் பூசும் ஹார்மோன் ஜெல் கைகொடுக்கிறது. ஒரு அழுத்தில் 1.25 கிராம் ஜெல், அதில் 0.75 மில்லிகிராம் எஸ்ட்ராடையால் என்னும் பெண் ஹார்மோன். வழக்கமாக நாளுக்கு 2 அழுத்தில் தொடங்குவார்கள். 80 கிராம் பாட்டிலில் 64 அழுத்து, அதாவது சுமார் ஒரு மாதம். 64 அழுத்துக்குமேல் ஜெல் மிச்சமிருந்தாலும் அளவு சரியாக வராது, வீசிவிடுங்கள்.

குளித்துத் துவட்டியபின் தொடையிலோ புஜத்திலோ மெல்லப் பரப்புங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் கூடவே கூடாது. 5 நிமிடம் காயட்டும், பிறகு உடுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குத் தண்ணீர் படக்கூடாது. தேங்காயெண்ணெய் தடவிய தோலில் பூசாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; பூசிய இடத்தில் பேரப்பிள்ளையின் தோல் பட்டால் ஹார்மோன் அந்தக் குழந்தைக்கும் போகும்.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஜெல்லை மட்டும் பூசினால் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். கூடவே, அந்தச் சவ்வைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் இன்னொரு ஹார்மோன் கட்டாயம். அது தூக்கம் வரவழைக்கும், ஆகவே படுக்கும்போது எடுங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது.