மழையில் ஏஎஸ்கே 21 எப்படி?

ஜெர்மனியின் ஷ்லைஷர் நிறுவனத்துக்காக ருடால்ஃப் கைசர் வடிவமைத்த இந்த இரட்டை இருக்கைக் கிளைடர் (இன்ஜின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் விமானம்), பயிற்சிக் கழகங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர். சறுக்கு விகிதம் 34, அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் முன்னே போகும். அந்த 34 காய்ந்த இறக்கைக்கான கணக்கு.

இறக்கையின் முன்விளிம்பில் நீர்த்துளிகள் ஒட்டியதும் சீரான காற்றோட்டம் கலைகிறது. இழுவை கூடும், ஸ்டால் வேகமும் (இதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும்) ஏறும். எஃப்எக்ஸ் 67-கே-170 வகை இறக்கைக் குறுக்குவெட்டு கொண்ட பழைய போட்டிக் கிளைடர்களோடு ஒப்பிட்டால் ஏஎஸ்கே 21 எவ்வளவோ தேவலை. ஸ்டாலுக்கு முன் நன்றாகவே அதிர்ந்து எச்சரிக்கும். ஆனாலும் வழக்கமான மணிக்கு 90 கி.மீ. இறங்கு வேகத்தோடு 10 சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் தூரத்துக்கு 34-ஐ மறந்துவிட்டு 20 என்று கணக்குப் போடுங்கள். ஏர்பிரேக்கை (இறக்கையிலிருந்து எழும் தடுப்புத் தகடு) வழக்கத்தைவிடத் தாமதமாகத் திறந்தால் போதும்.

பெரிய குறை பார்வைதான். இருவர் மூச்சும் நனைந்த சட்டையும் சேர்ந்தால் விமானியறையின் ஒளிபுகும் மூடி உள்பக்கம் மங்கிவிடும். முதல் துளி விழும் முன்பே காற்றுத்துளையையும் பக்கவாட்டுச் சிறு ஜன்னலையும் திறந்துவிடுங்கள். மங்கிய பிறகு கையால் துடைத்தால் கோடு கோடாகி இன்னும் மோசமாகும். கிளைடர் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்ட மூடிமேல் ஒட்டிய நூல் நனைந்து அப்படியே படுத்துவிடும். அதை நம்பாமல், அதையே காட்டும் கருவிப் பலகையின் பந்தைப் பாருங்கள். வேகம் அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாயில் நீர் புகுந்தால் வேகமானி துள்ளும், அல்லது குறைத்துக் காட்டும். அப்போது மூக்கின் நிலையையும் காற்றின் ஓசையையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

இடி மேகம் என்றால் பேச்சே இல்லை, தரையில் இருங்கள். 1999 ஏப்ரலில் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் அருகே மின்னல் பாய்ந்து ஒரு ஏஎஸ்கே 21 வானிலேயே சிதறியது. இருவரும் பாராசூட்டால் பிழைத்தார்கள். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. அலுமினியக் கட்டுப்பாட்டுத் தண்டுகள் வழியே அது பாயும்.

ஈரப் புல்லில் சக்கர பிரேக் பாதிதான் பிடிக்கும், ஓட்டத்துக்கு இடம் விடுங்கள். நிறுத்தியதும் ஏர்பிரேக்கைத் திறந்து பெட்டிக்குள் தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். அடுத்த முறை உயரத்தில் அது உறைந்தால் பிரேக் திறக்காது. வடிகால் துளைகளில் மெழுகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்தோடு உறை போட்டு மூடினால் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு கொப்புளிக்கும். இருக்கைப் பாராசூட் நனைந்திருந்தால் காயவைத்து மறுபடி மடித்த பிறகே அடுத்த பறப்பு.