நிரந்தர முழு நைட்டா, வாரம் மாறும் ஷிப்டா?

கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் காலை 6 முதல் 2 வரை பகல் ஷிப்ட். 2 முதல் 10 வரை அரை நைட். 10 முதல் மறுநாள் காலை 6 வரை முழு நைட். பதினோரு வருஷம் வாரம் ஒன்றாக மாறி மாறிப் போனேன். அடுத்த நாலு வருஷம் நிரந்தர முழு நைட். புதிதாக ரிங் ஃபிரேமுக்கு (நூல் நூற்கும் மெஷின்) வரும் தம்பிகள் "அண்ணா, எது தேவலை?" என்று கேட்பதால் எழுதுகிறேன்.

வாரம் மாறும் ஷிப்டில் மூன்றில் இரண்டு வாரம் ராத்திரி வீட்டில் படுக்கலாம். கல்யாணம், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் கைக்குள் இருக்கும். ஆனால் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடம்புக் கடிகாரம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் நகர ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் அடுத்த ஷிப்ட் வந்து நிற்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம், ஷிப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது. நான் முதலில் இருந்த மில்லில் முழு நைட், அரை நைட், பகல் என்று பின்னோக்கிச் சுற்றும். எனக்கு வார லீவு புதன்; ஷிப்ட் மாறுவது திங்கள். ஞாயிறு ராத்திரி 10 மணிக்கு அரை நைட் முடித்து, வீடு வந்து குளித்துப் படுக்க 12 ஆகும். நாலரைக்கு எழுந்தால்தான் 6 மணிக்கு மெஷின் முன்னால் நிற்க முடியும். அந்தத் திங்கட்கிழமைகளில் அறுந்த நூலைப் பிணைக்கக் கை போகும், கண் போகாது. பகல், அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் மாறும்போது 24 மணி நேர இடைவெளி கிடைக்கும். முழு நைட் முடிந்து பகலுக்கு வரும் இடத்தில் மட்டும் வார லீவு விழ வேண்டும். உடம்புக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னால் இழுப்பதுதான் சிரமம்.

நிரந்தர முழு நைட்டை "போகப் போகப் பழகிடும்" என்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு முழுசாகப் பழகாது. காலையில் வீடு திரும்பும்போது முகத்தில் படும் வெயிலே உடம்பைப் பகலுக்குத் திருப்பிவிடும். லீவு அன்று பத்து மணிக்கே படுத்தால் வாரம் முழுக்கச் சேர்த்தது போய்விடும். நான் லீவு அன்றும் ராத்திரி 3 மணிக்கு முன்னால் படுப்பதில்லை. பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்கார்ந்து தொப்பியை இறக்கிக்கொள்வேன். ஜன்னலில் என் மனைவி கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக ஆணி அடித்து மாட்டினாள். குக்கர் விசில் எல்லாம் நான் வருவதற்குள் முடிந்துவிடும். பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் கேஸ்காரருக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள். இந்தத் தூக்கம் பாதிக்கு மேல் அவள் உழைப்பு.

இரண்டு நாளுக்கு ஒரு ஷிப்ட் என்று வேகமாகச் சுற்றும் முறை வேறு சில ஆலைகளில் உண்டு. அதில் உடம்பு பகலை விட்டு அதிகம் விலகாது, ஆனால் வீட்டு வேலை எதையும் திட்டமிட முடியாது.

நிரந்தர முழு நைட், மாறும் ஷிப்ட் இரண்டிலும் உடம்புக்குக் கேடு உண்டு. ராத்திரி வேலையைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இலும் அதையே உறுதி செய்தது.

தனி அறையும் பகலில் சத்தம் அடக்க ஆளும் இருந்தால் நான் நிரந்தர முழு நைட்டைத்தான் சொல்வேன். ஒற்றை அறை லைன் வீடு, கைக்குழந்தை என்றால் வேண்டாம் தம்பி, வார ஷிப்டுக்கே போங்கள். சேரும் முன் சம்பளத்தோடு, ஷிப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் சூப்பர்வைசரிடம் கேட்டுவிடுங்கள்.