மாலத்தீவா, ஷார்ஜாவா? சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி பக்கத்தில் பி.எட். முடித்துவிட்டு வெளிநாட்டில் வேலை தேடுகிறவர்கள் கடைசியில் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று மாலத்தீவின் அரசுப் பள்ளி. இன்னொன்று வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் நடத்தும் இந்தியப் பள்ளி. எனக்கு இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்தது. நான் அமீரகத்திலுள்ள ஷார்ஜாவைத் தேர்ந்தெடுத்தேன். என்னோடு படித்த எருத்தேன்பதித் தோழி மாலத்தீவில் லாமு அட்டோல் என்ற தீவுக்கூட்டத்தில் ஒரு தீவுக்குப் போனாள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட தினமும் பேசிக்கொள்கிறோம். கீழே மாலத்தீவைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் அவள் சொன்னதும், கடிதம் கையில் இருந்தபோது நான் விசாரித்ததும்தான். அங்கே நான் வேலை பார்த்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சாப்பாட்டில் ஷார்ஜாதான் சுகம். மட்டை அரிசி, இட்லி மாவு, முருங்கைக்காய் எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். அவளுடைய தீவில் காய்கறி படகில் வந்து இறங்க வேண்டும். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்தால் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை, சூரை மீன் நிறையக் கிடைக்கும். சாமி கும்பிடுவதைப் பொறுத்தவரை, மாலத்தீவுக்குள் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகக் கூடாது. இங்கே துபாய் ஜெபல் அலியில் 2022-ல் திறந்த கோயிலுக்கு விடுமுறை நாளில் போய் வரலாம். குடும்பத்தை அழைப்பது அவளுக்குத்தான் எளிது. இந்தியர்கள் மாலத்தீவில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். என் அம்மா இங்கே வருவதென்றால் பணம் கட்டி விசிட் விசா எடுக்க வேண்டும்.

ஊருக்கு வருவது எனக்குச் சுலபம். ஷார்ஜாவிலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் உண்டு, இறங்கிப் பாலக்காட்டுச் சாலையைப் பிடித்தால் வீடு. கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாச்சேரிக்குப் போகும் அலைச்சல் இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் விலை கண்ணைக் கட்டும். அவள் தீவிலிருந்து விரைவுப் படகில் கத்தூ விமான நிலையம், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் மாலே, மாலேயிலிருந்து திருவனந்தபுரம், அப்புறம் ராத்திரி ரயில் என்று வந்து சேர வேண்டும். திருவனந்தபுரத்துக்கும் மாலேக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் என்று ஏஜெண்டுகள் அழகாகச் சொல்வார்கள். அது உண்மைதான். மீதிப் பயணத்தை அவர்கள் சொல்வதில்லை.

சான்றிதழ் விஷயத்தில் எல்லையோரத்துக்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நான் பட்டம் படித்தது சித்தூர் அரசுக் கல்லூரியில். அது கோழிக்கோடு பல்கலைக்கழகத்துப் பட்டம். பி.எட். படித்தது கோயம்புத்தூர்ப் பக்கம், சான்றிதழ் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தந்தது. அமீரகத்துக்குப் போக இரண்டுக்கும் சான்றொப்பம் வேண்டும். பட்டம் கொடுத்த மாநிலத்தில்தான் முதல் முத்திரை. கேரளச் சான்றிதழை நோர்க்கா (வெளிநாட்டு மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பு) அலுவலகம் பார்த்துக்கொள்ளும். தமிழ்நாட்டுச் சான்றிதழுக்குச் சென்னையில் முத்திரை வாங்க வேண்டும். அதற்குப் பிறகு வெளியுறவுத் துறை, அப்புறம் அமீரகத் தூதரகத்து முத்திரை, கடைசியில் அங்கே போய் இறங்கியதும் அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். மாலத்தீவிலும் சான்றிதழைச் சரிபார்க்கத் தகுதி ஆணையம் இருக்கிறது, ஆனால் அந்த வேலை இதைவிடக் கொஞ்சம் லகுவாக முடிந்தது என்று தோழி சொல்கிறாள். தபால் வழியில் பட்டம் வாங்கியவர்கள் அமீரகப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள், பின்னால் தலைவலி.

வகுப்பறையைப் பற்றி. அனுபவமே இல்லாத ஆளுக்கு மாலத்தீவு கதவைத் திறந்துவிடும். வளைகுடாப் பள்ளிகள் இரண்டு வருட அனுபவமாவது கேட்கும், நானும் பொள்ளாச்சியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்த பிறகுதான் வந்தேன். அவளுக்கு வகுப்பில் இருபது பிள்ளைகள்கூட இல்லை. பாடம் ஆங்கிலத்தில், வீட்டில் பேசுவது திவேஹி, தேர்வு கேம்பிரிட்ஜ் முறை. எனக்கு முப்பதுக்கு மேல் பிள்ளைகள். 2022 ஜனவரியிலிருந்து ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை என்று கேட்டால் இனிக்கும். ஐந்து நாள் வேலையை நான்கு நாளில் அடைக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆய்வுக் குழு வருகிற மாதம் தூக்கமே கிடையாது. ஆசிரியராக வளர எது நல்லது என்று கேட்டால், சத்தியமாக அவள் இடம்தான். ஒரு பிள்ளைக்கு பின்னம் புரியவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர அவளுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு இல்லை.

அப்படியிருந்தும் ஏன் ஷார்ஜா? காரணம் ஒன்றே ஒன்றுதான்: பணம் ஊருக்குப் போய்ச் சேரும் விதம்.

கணக்கை முதலில் பார்ப்போம். என் கடிதத்தில் இருந்தது 3,200 திர்ஹம். திர்ஹமை 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டி வைத்திருக்கிறார்கள், ஆக சுமார் 870 டாலர். அவளுக்கு 15,000 ரூஃபியா, அதுதான் மாலத்தீவு நாணயம். அங்கே டாலருக்கு 15.42 என்பது அதிகாரபூர்வ விலையின் உச்சம், அந்த விலையில் சுமார் 970 டாலர். அதோடு அவளுக்கு வீடு இலவசம். நான் மூன்று ஆசிரியைகளோடு சேர்ந்து இருக்கும் வீட்டில் என் பங்கு 900 திர்ஹம். சாப்பாடு, போன், அது இது என்று 600 போய்விடும். எனக்கு மிஞ்சுவது 1,700 திர்ஹம், அதாவது 460 டாலர் சொச்சம். அவளுக்கு 12,000 ரூஃபியா மிஞ்சுகிறது. காகிதத்தில் அது 780 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. யார் பார்த்தாலும் மாலத்தீவு என்றுதான் சொல்வார்கள். என் அப்பாவும் முதலில் அதைத்தான் சொன்னார்.

ஆனால் அவள் கையில் மிஞ்சுவது ரூஃபியா. ஊரில் கேட்பது ரூபாய். நடுவில் டாலர் வேண்டும், அங்கே டாலருக்குப் பஞ்சம். அரிசி, பெட்ரோல், மருந்து, சிமெண்ட் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் நாடு அது. டாலர் உள்ளே வருவது பெரும்பாலும் சுற்றுலாவில்தான். 2024 அக்டோபரில் நம் ரிசர்வ் வங்கியே 40 கோடி டாலருக்கும் 3,000 கோடி ரூபாய்க்கும் நாணயப் பரிமாற்ற உதவி கொடுக்க வேண்டி வந்தது. நாட்டுக்கே அந்த நிலை என்றால் ஒரு ஆசிரியையின் நிலையைச் சொல்லவா வேண்டும்? வங்கி வழியாக மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கிறது. அந்த வரம்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. மிச்சத்துக்கு வெளியே டாலர் வாங்க வேண்டும். அங்கே விலை 15.42 கிடையாது, அவள் 18 கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

அப்படி வாங்கினாலும் அவளுக்கு என்னைவிட அதிகம் மிஞ்சுகிறது என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. என் கவலை தொகையைப் பற்றியதே அல்ல.

எங்கள் வீட்டில் என் படிப்புக்கு எடுத்த கடன் இருக்கிறது. தவணை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி. கூட்டுக் கடன்காரர் அப்பா. தவணை தவறினால் என் பெயரோடு அவர் பெயரும் கெடும். அவர் தென்னந்தோப்புக்கு ஒவ்வொரு வருடமும் பயிர்க்கடன் புதுப்பிக்க வேண்டியவர். மூலத்தறை அணைக்கட்டிலிருந்து தண்ணீர் எப்போது வரும் என்பதிலேயே அவருக்கு ஆயிரம் நிச்சயமின்மை, அதில் நானும் ஒன்றைச் சேர்க்க முடியாது. எனக்குத் தேவை 5-ஆம் தேதிக்கு முன்னால் பணம் கணக்கில் ஏறுவது. அது கொஞ்சமாக இருந்தாலும் சரி.

இங்கே அது நடக்கிறது. அமீரகத்தில் 2009-லிருந்து தனியார் நிறுவனங்கள் அரசு கண்காணிக்கும் ஏற்பாட்டின் வழியாகத்தான் சம்பளம் போட வேண்டும், தாமதித்தால் மேலே தெரிந்துவிடும். சம்பளம் விழுந்த இரவு எங்கள் வீட்டில் நான்கு பேரும் போனை வைத்துக்கொண்டு எந்த எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு விலை என்று பார்ப்போம். திர்ஹமுக்கு ஐந்து காசு அதிகம் கிடைத்தால் அதில் போடுவோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் அப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்துவிடும்: “அம்மிணி, காசு ஏறிருச்சு.” என் கணக்கிலிருந்து, என் பெயரில், வங்கி வழியாகப் போன பணம். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் காட்டுவதற்குச் சீட்டு இருக்கிறது.

தோழி வீட்டில் அப்படி இல்லை. ஒரு மாதம் வரம்புக்குள் வங்கியில் போட்டாள், பாதிதான் போனது. மீதியை அங்கே ஒருவரிடம் ரூஃபியாவாகக் கொடுத்தாள், ஊரில் அவள் அப்பா கணக்கில் வேறு யாரோ ரூபாயாகப் போட்டார்கள். போட்டவர் யார் என்று அவளுக்கும் தெரியாது, அவள் அப்பாவுக்கும் தெரியாது. இது சட்டப்படி செல்லாத வழி. அதைவிடப் பயம் என்னவென்றால், அந்தப் பணம் எங்காவது மோசடியில் கைமாறி வந்ததாக இருந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். 2023-ல் கேரளத்தில் எத்தனையோ சிறு கடைக்காரர்களின் கணக்கு இப்படித்தான் முடங்கியது, பொருள் வாங்கியவர் அனுப்பிய சில நூறு ரூபாய்க்காக. அவள் அப்பா அன்றைக்கு வங்கிக்குப் போய் அந்தப் பணத்தைத் தொடலாமா என்று கேட்டுவிட்டு வந்தாராம். இப்போது அவள் அந்த வழிக்கே போவதில்லை. வரம்புக்குள் அனுப்புகிறாள், மீதியை அங்கேயே கணக்கில் விட்டுவைக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது கிடைக்கும் டாலரை வாங்கிக் கொண்டுவருகிறாள். அவள் வீட்டில் தவணை இல்லை, அதனால் அது அவளுக்குச் சரிப்படுகிறது.

அமீரகப் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடிதத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வரும். அடிப்படையைக் குறைத்து மற்றதையெல்லாம் படி என்று போட்டிருந்தால் அது சுருங்கிவிடும். எனக்கு அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். நான் இன்னும் வேலையை விட்டு வரவில்லை, அதனால் கையில் வரும்போது எப்படியிருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இரண்டு நாட்டுக்கும் இதே விதி. கொழிஞ்சாம்பாறைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒன்றரை லட்சம் கேட்கிற ஆள் இருக்கிறார். பதிவு எண்ணைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

என் சித்தப்பா மகள் இப்போது பி.எட். கடைசி வருடம். அவளுக்குக் கடன் இல்லை, அனுபவமும் இல்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லித்தர ஆசை இருக்கிறது. “எங்க போகட்டும், அக்கா?” என்று போன வாரம் கேட்டாள். மாலத்தீவுக்குப் போ என்றுதான் சொன்னேன். கூடவே, கிளம்புவதற்கு முன் அந்த மாதம் வங்கி வரம்பு எவ்வளவு என்று என் தோழியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லி அவள் எண்ணையும் கொடுத்தேன்.