பிழை காட்டாமல் தவறாக வாசிப்பது: ஆர் மொழியின் கோப்பு வாசிப்புக் கருவிகள் குறித்த மதிப்பாய்வு

ஆர் என்பது புள்ளியியல் பணிகளுக்கான நிரல் மொழி. அதில் எழுதப்படும் பெரும்பாலான பகுப்பாய்வு நிரல்கள் ஒரு கோப்பை வாசிப்பதில்தான் தொடங்குகின்றன. அந்த வாசிப்பு தவறினால் அதன்பின் வரும் சராசரி, தொடர்புக் கெழு, வரைபடம் எதையும் நம்புவதற்கில்லை. ஆயினும் நிரலிலேயே மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் வரி அதுவாகத்தான் இருக்கிறது. எனவே ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் வாசிப்புச் செயற்கூறுகளையும் (ஒரு பணியைச் செய்து தரும் ஆயத்த நிரல் துண்டுகள்), அவற்றுக்கு மாற்றாகப் பலரும் நிறுவிக்கொள்ளும் ரீட்ஆர், டேட்டா.டேபிள் தொகுப்புகளையும், உரையாக அன்றி நேரடியாகப் பைட்டுகளாக எழுதப்பட்ட இருமக் கோப்புகளுக்கான ரீட்பின் செயற்கூற்றையும் இங்கே மதிப்பிடுகிறேன். வேகத்தை முதன்மை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கோப்பில் கோளாறு இருக்கும்போது கருவி அதை நமக்குச் சொல்கிறதா, அல்லது தானாக ஓர் ஊகத்தைச் செய்துவிட்டு வாய்மூடி இருந்துவிடுகிறதா என்பதையே பார்த்தேன். பிழைச் செய்தியுடன் நிரல் நின்றுபோனால் சற்று நேரம்தான் வீணாகும். செய்தி ஏதுமின்றித் தவறான அட்டவணை உருவாகிவிட்டால் அது ஆய்வறிக்கை வரை போய்ச் சேரும்.

முதலில் ரீட்.டேபிள். உரைக் கோப்புகளுக்கான மூலக் கருவி இதுவே, ரீட்.சிஎஸ்வி, ரீட்.டெலிம் ஆகியவை இதே செயற்கூற்றை வேறு இயல்பு அமைப்புகளுடன் அழைப்பவைதாம். அந்த இயல்பு அமைப்புகளின் வேறுபாடுகளில்தான் பெரும்பாலான தொல்லைகள் ஒளிந்திருக்கின்றன. ரீட்.டேபிள் இரட்டை மேற்கோள் குறியை மட்டுமல்லாமல் ஒற்றை மேற்கோள் குறியையும் உரையின் எல்லையாகக் கொள்கிறது. # என்ற குறியைக் கண்டால் அதிலிருந்து வரியின் இறுதி வரை குறிப்புரை எனக் கருதி விட்டுவிடுகிறது. ரீட்.சிஎஸ்வி இவ்விரண்டையும் செய்வதில்லை. டேப் குறியால் பிரிக்கப்பட்ட ஒரு பெயர்ப் பட்டியலின் 40-ஆம் வரியில் ஓ'பிரையன் என்றும் 90-ஆம் வரியில் ஓ'கானர் என்றும் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ரீட்.டேபிள் கொண்டு வாசித்தால், முதல் பெயரிலுள்ள ஒற்றைக் குறி திறந்து, இரண்டாம் பெயரிலுள்ள குறி மூடி, இடைப்பட்ட வரிகள் அனைத்தும் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். 40-ஆம் வரியின் முன்பாதியும் 90-ஆம் வரியின் பின்பாதியும் ஒட்டிக்கொண்டு ஒரு முழு வரிசையாகிவிடுவதால் நெடுவரிசைகளின் எண்ணிக்கையும் சரியாகவே அமையும். பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ஐம்பது வரிசைகள் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அத்தகைய குறிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மட்டுமே, மேற்கோளுக்குள் கோப்பு முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தக் கருவி தானாக முன்வந்து உண்மையைச் சொல்லும் அரிய தருணங்களுள் அது ஒன்று.

அடுத்த குறை நெடுவரிசைகளை எண்ணும் முறை. எத்தனை நெடுவரிசைகள் உள்ளன என்பதை ரீட்.டேபிள் குடும்பம் கோப்பின் முதல் ஐந்து வரிகளைப் பார்த்தே முடிவு செய்கிறது. ரீட்.சிஎஸ்வி செயற்கூற்றில் குறைவான புலங்கள் கொண்ட வரிகளை வெற்றிடத்தால் நிரப்பும் வசதி இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால், பின்னால் எங்கோ ஒரு வரியில் புலங்கள் கூடுதலாக இருந்தால் மிஞ்சியவை ஓசையின்றி அடுத்த வரிசையாக மடிக்கப்படுகின்றன. முகவரியில் காற்புள்ளி வந்து, அதைச் சுற்றி மேற்கோள் குறி இல்லாத கோப்புகளில் இது அடிக்கடி நேரும். இதைக் கண்டுபிடிக்க ஆர் மொழியிலேயே கவுண்ட்.ஃபீல்ட்ஸ் என்ற எளிய செயற்கூறு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் எத்தனை புலங்கள் என்று அது எண்ணித் தருகிறது. மேற்கோளுக்குள் சிக்கி அடுத்த வரிக்கு நீளும் வரிகளுக்கு விடுபட்ட மதிப்பைத் தருகிறது. இவ்வளவு பயனுள்ள கருவியைப் பாடநூல்கள் ஏன் முதல் அத்தியாயத்திலேயே அறிமுகப்படுத்துவதில்லை என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

தரவு வகைகளை ஊகிப்பதிலும் இதே மௌனம்தான். முன்சுழியம் கொண்ட குறியெண் 00742 என்பது 742 ஆகிவிடும். பாலினத்தைக் குறிக்கும் நெடுவரிசையில் எஃப் என்ற எழுத்து மட்டுமே இருந்தால், அதனைப் ‘பொய்’ (ஃபால்ஸ்) என்பதன் சுருக்கமாகக் கருதி முழு நெடுவரிசையையும் தருக்க (உண்மை/பொய்) வகைக்கு மாற்றிவிடும். விடுபட்ட மதிப்பை ஆர் மொழி என்ஏ என்று குறிக்கிறது. நமீபியாவின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடும் என்ஏ என்பதால், உலக நாடுகளின் பட்டியலில் அந்த நாடு மட்டும் விடுபட்ட மதிப்பாகக் காணாமல் போகும். ஆர் மொழியின் முழு எண் வகை 2147483647 வரைதான் செல்லும். அதைத் தாண்டியவை இரட்டைத் துல்லிய எண்களாகச் சேமிக்கப்படும். அவையும் 9007199254740992 என்ற எல்லையைக் கடந்தபின் ஒவ்வொரு முழு எண்ணையும் வேறுபடுத்திக் காட்ட இயலாதவை. எனவே 18 இலக்கங்கள் கொண்ட அடையாள எண்கள் இரண்டு, கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்டால், வாசித்தபின் ஒன்றாகிவிடலாம். இவை அனைத்துக்கும் மருந்து ஒன்றே: கோல்கிளாசஸ் அளவுருவில் ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் நாமே எழுதிக் கொடுப்பது. நமீபியாவுக்கு மட்டும், விடுபட்ட மதிப்பின் குறியீடு எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வகைகளைக் குறிப்பிட்டால் வாசிப்பும் விரைவுபடும். குறிப்பிடாதபோது எல்லாவற்றையும் முதலில் எழுத்துச் சரங்களாக வாங்கி, பிறகே வகை மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு பழைய குறை மட்டும் நீங்கியிருக்கிறது: எழுத்து நெடுவரிசைகளைத் தானாகவே ஃபேக்டர் (வரையறுத்த பிரிவுகளாகச் சேமிக்கும்) வகைக்கு மாற்றும் வழக்கம் 2020-இல் வெளியான 4.0.0 பதிப்போடு கைவிடப்பட்டது.

எழுத்துக் குறியாக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்த் தரவுகளோடு பணியாற்றுவோர் இதிலிருந்து தப்ப முடியாது. எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் பரவலான முறையான யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியுருவும் மூன்று பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது. கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதை வாசிக்கும் கருவி தவறாக எடுத்துக்கொண்டால் ஓர் எழுத்தின் இடத்தில் மூன்று பொருளற்ற குறிகள் தோன்றும். ரீட்.டேபிள் இதற்கென இரண்டு அளவுருக்களை வைத்திருக்கிறது. ஃபைல்என்கோடிங் என்பது கோப்பை உண்மையிலேயே குறியாக்கம் மாற்றி வாசிக்கிறது. என்கோடிங் என்பதோ வாசித்த சரங்களின்மேல் இது இன்ன முறை என்று முத்திரை மட்டும் குத்துகிறது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்வது மிக எளிது. இது வடிவமைப்பின் குறையே அன்றிப் பயனரின் குறை அன்று. விரிதாள் மென்பொருள்கள் யூடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் மூன்று அடையாள பைட்டுகள் முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் சிக்கலுக்கு, ஃபைல்என்கோடிங் மதிப்பை யூடிஎஃப்-8-பிஓஎம் என்று கொடுப்பதே தீர்வு. விண்டோஸ் கணினிகளில் தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாகக் கோண அடைப்புக்குள் யூனிகோடு எண்கள் தோன்றும் அவதிக்கு 2022-இல் வந்த 4.2.0 பதிப்பு முடிவு கட்டியது. அண்மைக்கால விண்டோஸ் 10, 11 கணினிகளில் அது யூடிஎஃப்-8 முறையையே இயல்பான குறியாக்கமாகக் கொள்கிறது. இன்னும் பழைய பதிப்பில் தமிழ் உரையோடு போராடுபவர்கள் வேறு எதையும் முயலும் முன் பதிப்பை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மாற்றுத் தொகுப்புகளுக்கு வருகிறேன். டேட்டா.டேபிள் தொகுப்பிலுள்ள எஃப்ரீட், நான் பயன்படுத்திய உரை வாசிப்பான்களுள் மிக விரைவானது. பிரிப்புக் குறியைத் தானே கண்டறிகிறது. கோப்பின் தொடக்கத்தோடு நில்லாமல் பல இடங்களிலிருந்தும் மாதிரி வரிகளை எடுத்து வகையை முடிவு செய்கிறது. மாதிரியில் அகப்படாத மதிப்பு பின்னால் எதிர்ப்பட்டால் அந்த நெடுவரிசையின் வகையை உயர்த்தி மீண்டும் வாசிக்கிறது. புலங்களின் எண்ணிக்கை மாறும் வரியைக் கண்டால் மடித்துப் போடாமல் அங்கேயே நின்று, எத்தனை எதிர்பார்த்தேன், எத்தனை கண்டேன் என்று வரி எண்ணுடன் எச்சரிக்கிறது. பெரிய முழு எண்களை 64 பிட் வகையில் தருகிறது. ஆனால் அந்த வகையைக் கையாளும் பிட்64 தொகுப்பு நிறுவப்படவில்லை என்றால் அவை திரையில் விசித்திரமான மிகச் சிறிய பின்னங்களாகத் தெரியும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறியாக்கத்தில்தான் எஃப்ரீட் பின்தங்குகிறது. யூடிஎஃப்-16 கோப்புகளை அது ஏற்பதே இல்லை. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லி மறுத்துவிடுகிறது என்பதால் அதனை நான் பெருங்குறையாகக் கருதவில்லை.

ரீட்ஆர் தொகுப்பின் சிறப்பு அதன் நேர்மை. எந்த நெடுவரிசையை எந்த வகையாக எடுத்துக்கொண்டேன் என்று வாசிக்கும்போதே அச்சிட்டுக் காட்டுகிறது. பொருந்தாத மதிப்புகளை விடுபட்டவையாக மாற்ற நேர்ந்தால் அவற்றின் இடத்தையும், எதிர்பார்த்த வகையையும், உண்மையில் இருந்ததையும் ப்ராப்ளம்ஸ் என்ற செயற்கூற்றின் வழியே பட்டியலாகத் தருகிறது. வகையை ஊகிக்க இயல்பாக 1000 வரிசைகளை மட்டும் பார்ப்பதால், பெரும்பகுதி வெறுமையாக இருக்கும் நெடுவரிசைகளைத் தருக்க வகை என்று தவறாக முடிவு செய்யும் வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்க கெஸ்_மேக்ஸ் மதிப்பைக் கூட்டலாம். வகைகளை நாமே எழுதிவிடுவது அதனினும் நன்று. வேகமும் அளவும் முக்கியமானால் எஃப்ரீட், கோப்பின் தரம் ஐயத்துக்குரியதானால் ரீட்ஆர், வேறு தொகுப்புகளை நிறுவ வழியில்லாத இடத்தில் வகைகளும் மேற்கோள் குறியும் குறிப்பிடப்பட்ட ரீட்.சிஎஸ்வி என்பதே என் பரிந்துரை.

இருமக் கோப்புகளுக்கான ரீட்பின் செயற்கூற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். கருவிகள் பதிவுசெய்த அலைவரிசைகள், பழைய ஃபோர்ட்ரான் நிரல்களின் வெளியீடுகள், படங்களின் தலைப்புப் பகுதிகள் என எதையும் வேறு எந்தத் தொகுப்பின் துணையுமின்றி இதனால் பிரித்தெடுக்க முடிகிறது. வகை, எண்ணிக்கை, ஒவ்வொன்றின் பைட் அளவு, பைட் வரிசை (ஓர் எண்ணின் பைட்டுகள் எந்த முனையிலிருந்து அடுக்கப்பட்டுள்ளன என்பது) ஆகிய நான்கையும் சரியாகக் கொடுத்தால் போதும். தவறாகக் கொடுத்தாலும் அது மறுப்பதில்லை என்பதே சிக்கல். நான்கு பைட் மிதவைப் புள்ளி எண்களை அளவு குறிப்பிடாமல் வாசித்தால் எட்டு பைட் எண்களாகக் கொண்டு பாதி எண்ணிக்கையில் குப்பையைத் தரும். பைட் வரிசை தலைகீழானால் 1 என்ற முழு எண் 16777216 ஆகத் தெரியும். கேட்ட எண்ணிக்கைக்கு முன்பே கோப்பு முடிந்துவிட்டால் கிடைத்தவற்றை மட்டும் தந்துவிட்டு அமைதியாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் கிடைத்த நீளத்தைக் கேட்ட நீளத்தோடு ஒப்பிடுவது கட்டாயம்.

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம், கோப்பை வாசிப்பதற்கான வழியாகிய இணைப்பைத் திறக்கும் முறை. கோப்பின் பெயரையே ரீட்பின்னுக்குக் கொடுத்தால் ஒவ்வோர் அழைப்பிலும் கோப்பு திறக்கப்பட்டு மூடப்படும். எனவே இரண்டாவது அழைப்பும் தொடக்கத்திலிருந்தே வாசிக்கும். தலைப்பைத் தாண்டித் தரவுக்குச் செல்ல வேண்டுமானால் ஃபைல் செயற்கூற்றால் இணைப்பை இரும வாசிப்பு முறையில் ஒருமுறை திறந்து, அதே இணைப்பையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். கோப்புக்குள் தாவிச் செல்ல உதவும் சீக் செயற்கூற்றை விண்டோஸில் நம்ப வேண்டாம் என்று ஆர் மொழியின் ஆவணமே கூறுகிறது. ஆகவே வேண்டாத பைட்டுகளை வாசித்துக் கழிப்பதோ, முழுக் கோப்பையும் மூல பைட்டுகளாக நினைவகத்தில் ஏற்றி அங்கே வெட்டியெடுப்பதோ பாதுகாப்பானது.

ரீட்பின்னின் உண்மையான குறை, குறியற்ற (எதிர்ம மதிப்பே இல்லாத) 32 பிட் முழு எண்களை அது நேரடியாக வாசிக்காததாகும். குறியற்ற என்ற அமைப்பு ஒரு பைட், இரண்டு பைட் எண்களுக்கு மட்டுமே செல்லும். குறியுடைய எண்ணாக வாசித்து, எதிர்ம மதிப்புகளோடு 4294967296 கூட்டிக்கொள்ளலாம் என்ற அறிவுரை பரவலாக வழங்கப்படுகிறது; அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. 2147483648 என்ற மதிப்பின் பிட் வடிவத்தைத்தான் ஆர் மொழி விடுபட்ட முழு எண்ணைக் குறிக்க ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே அந்த ஒரு மதிப்பு மட்டும் விடுபட்டதாகவே வந்து சேரும். நான்கு பைட்டுகளையும் தனித்தனியாக வாங்கி 256-இன் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டுவதே பிழையற்ற வழி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்கு ஓர் அளவுரு சேர்க்கப்படாதது ஏமாற்றம் தருகிறது.

இருமக் கோப்பு வாசிப்பில் தோன்றும் பிழைக்குச் சில நேரம் வாசிப்பான் காரணமாக இருப்பதில்லை. விண்டோஸில் டவுன்லோட்.ஃபைல் கொண்டு இறக்கும்போது இரும முறையைக் குறிப்பிடாவிட்டால், கோப்பின் நீட்டிப்பைப் பொறுத்து அது உரை முறையில் எழுதப்படலாம். அப்போது மதிப்பு 10 கொண்ட ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 13 என்ற பைட் சேர்ந்துவிடும். கோப்பின் அளவு மூலத்தைவிடச் சற்றுக் கூடியிருந்தால் இதையே முதலில் ஐயுற வேண்டும்.

ஆர் மொழியின் சொந்த இரும வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். லோட் செயற்கூறு கோப்பிலுள்ள பெயர்களை அப்படியே பணிச்சூழலில் வைப்பதால், அதே பெயரில் ஏற்கெனவே இருந்த பொருள் எச்சரிக்கையின்றி அழிந்துவிடும். ரீட்ஆர்டிஎஸ் மதிப்பை மட்டும் திருப்பித் தருவதால் பெயரை நாமே தீர்மானிக்கலாம். 2019-இல் வெளியான 3.6.0 பதிப்பிலிருந்து சேமிப்பு வடிவத்தின் மூன்றாம் பதிப்பே இயல்பானது, அதை 3.5.0-க்கு முந்தைய ஆர் வாசிக்காது, காரணத்தையும் தெளிவாகச் சொல்லி மறுக்கும். முன்பின் அறியாதவரிடமிருந்து வந்த ஆர்டிஎஸ் கோப்பை வாசிப்பதன் வழியே தீய நிரல் இயங்க இடமளித்த ஒரு பாதுகாப்பு ஓட்டை 2024-இல் வந்த 4.4.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர்கள், பிறர் அனுப்பும் தரவை உரைக் கோப்பாகவே கேட்டு வாங்குவது நல்லது.